சென்னையிலிருந்து தனி விமானம்: சார்ட்டர் எடுப்பது முதல் பழைய ஜெட் வாங்குவது வரை முழுமையான வழிகாட்டி

சென்னையில் தொழில் நடத்தும் ஒருவர் தனி விமானம் பற்றி விசாரிக்கத் தொடங்கினால், முதல் கேள்வி பெரும்பாலும் “என்ன விலை?” என்பதுதான். விலையைத் தெரிந்துகொள்வது சுலபம். பழைய ஜெட்களின் கேட்பு விலை இணையத்திலேயே கிடைக்கிறது. ஆனால் அந்த விலை மொத்தச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. விமானம் எந்தப் பெர்மிட்டில் பறக்கப்போகிறது, அதன் பதிவேடுகள் முழுமையாக இருக்கின்றனவா, சென்னையில் அதை எங்கே நிறுத்துவது, யார் ஓட்டுவது என்பவைதான் பணத்தையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கின்றன. அதனால் என் திடமான கருத்து இது: குறைந்தது ஓராண்டு சார்ட்டரில், அதாவது வாடகைக்கு எடுத்த தனி விமானத்தில், பறந்து பாருங்கள். உங்கள் பயணங்களே எந்த விமானம் வேண்டும், வாங்கவே வேண்டுமா என்பதைச் சொல்லிவிடும்.

முதல் படி: பயணக் கணக்கு

கடந்த பன்னிரண்டு மாதங்களில் நீங்களும் உங்கள் மேலாளர்களும் போன ஊர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஊர், எத்தனை பேர், அன்றே திரும்பினீர்களா, ஒரே நாளில் எத்தனை ஊர், இந்த நான்கும் போதும். சென்னை–டெல்லி, சென்னை–மும்பை தடத்தில் நாள் முழுக்க விமானங்கள் இருக்கின்றன. அங்கே தனி விமானத்தால் மிச்சமாகும் நேரம் குறைவு. காலையில் மதுரையில் ஒரு வேலை, மதியம் ஹைதராபாத்தில் ஒன்று, இரவு வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்கிற மாதிரி நாட்கள் உங்கள் பட்டியலில் எத்தனை என்று பாருங்கள். தனி விமானம் அந்த நாட்களுக்குத்தான்.

அப்புறம் தூரம். சென்னையிலிருந்து மதுரையோ கோவையோ நேர்கோட்டில் 400 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். இந்தத் தூரத்தில் ஜெட் மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். கிங் ஏர் பி200 போன்ற டர்போபிராப், அதாவது சுழலி வைத்த விமானம், சுமார் ஒரு மணி நேரத்தில் போகும். ஜெட் அதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போகும். அந்தச் சில நிமிடங்களுக்காக மணிக்கணக்கு வாடகையைப் பெருமளவு கூட்டிக்கொள்ளத் தேவையில்லை. டெல்லி சுமார் 1,760 கிலோமீட்டர். அங்கே ஜெட்டுக்கு அர்த்தம் உண்டு. சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். ஃபீனம் 300 வகை லைட் ஜெட் குறைந்த ஆட்களோடு இடையில் நிற்காமல் போகக்கூடிய எல்லை அது. லண்டன் 8,000 கிலோமீட்டருக்கு மேல். சேலஞ்சர் 605 போன்ற பெரிய ஜெட்கூட அங்கே ஒரே மூச்சில் போகாது; வழியில் எண்ணெய் போட்டே ஆக வேண்டும்.

ஓடுபாதையைப் பாருங்கள்

மீனம்பாக்கத்தில் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. முக்கிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். சிக்கல் போய்ச் சேரும் ஊரில்தான். மதுரை சுமார் 2,285 மீட்டர், சேலம் சுமார் 1,800, புதுச்சேரி சுமார் 1,500. தூத்துக்குடியின் பழைய ஓடுபாதை 1,351 மீட்டர்தான்; விரிவாக்கத்துக்குப் பிறகு 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டது, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களில் தொழில் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

விற்பனைக் கையேட்டில் “1,000 மீட்டரில் எழும்பும்” என்று போட்டிருப்பது கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. மே மாத மதியம் சேலத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது அதே விமானத்துக்கு இன்னும் நீளம் வேண்டும்; இல்லையென்றால் ஆளையோ எண்ணெயையோ குறைக்க வேண்டும். வாடகைப் பயணத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: ஜெட் என்றால், இறங்கும் ஓடுபாதையின் 60 சதவீத நீளத்துக்குள் முழுமையாக நிற்கும்படி கணக்கு வர வேண்டும். ஓடுபாதை ஈரமாக இருந்தால் அதற்கு மேலும் 15 சதவீதம். “உங்கள் விமானம் மழை நாளில் அந்த ஊரில் இறங்குமா?” என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல ஆபரேட்டர் கணக்கோடு பதில் சொல்வார்.

சிறிய விமான நிலையங்கள் நாள் முழுக்கத் திறந்திருப்பதில்லை. பணி நேரத்துக்கு வெளியே இறங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே நீட்டிப்புக் கேட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். திருமண வரவேற்பு முடிந்து இரவு பதினொரு மணிக்குக் கிளம்பலாம் என்ற திட்டமெல்லாம் இந்த ஒரு விஷயத்தில் கவிழ்ந்துவிடும்.

சார்ட்டர்: யாருடைய பெர்மிட்?

இந்தியாவில் காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றும் தனி விமானத்துக்கு என்எஸ்ஓபி எனப்படும், அட்டவணையில்லாச் சேவைக்கான பெர்மிட் வேண்டும். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அதை வழங்குகிறது; பெர்மிட் வைத்திருப்பவர்களின் பட்டியலையும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. உங்களிடம் பேசுபவர் பெரும்பாலும் புரோக்கராக இருப்பார். அதில் தவறில்லை. ஆனால் விமானத்தை இயக்கப்போவது யார், அந்தப் பதிவு எண் அவர்களுடைய பெர்மிட்டில் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். இந்திய விமானங்களின் பதிவு எண் வி.டி. என்று தொடங்கும். அந்த எண், பெர்மிட் நகல், காப்பீட்டுச் சான்று, நடப்பிலுள்ள பறப்புத் தகுதி மதிப்பாய்வுச் சான்று ஆகிய நான்கையும் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

“நம்ம நண்பருடைய விமானம்தான், எண்ணெய்க் காசு மட்டும் கொடுத்துடுங்க” என்று சொல்பவரிடம் ஏறாதீர்கள். தனியார் பிரிவில் பதிவான விமானம் வாடகை வாங்கக் கூடாது. செலவுப் பகிர்வு என்று பெயர் வைத்தாலும் அது வாடகைதான். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க முடியும். பின்னால் உட்கார்ந்திருந்தவரின் குடும்பத்துக்கு அப்போது எந்தப் பிடிமானமும் இருக்காது. வெளிநாட்டுப் பதிவு விமானம் சென்னைக்கு வந்திருக்கிறது, அதிலேயே மதுரை போய் வரலாம் என்பதும் நடக்காது. உள்நாட்டில் காசுக்கு ஆளேற்றும் உரிமை அதற்குக் கிடையாது.

விமானிகளைப் பற்றியும் கேளுங்கள். இரண்டு பேர் வருகிறார்களா, கேப்டனுக்கு அதே வகை விமானத்தில் எத்தனை மணி நேர அனுபவம், அன்றைய பணி நேர வரம்பு உங்கள் திட்டத்துக்குப் போதுமா? காலை ஐந்து மணிக்கு வேறொருவருக்காகப் பறந்த அதே இருவர் இரவு உங்களைத் திருப்பிக் கூட்டிவர முடியாமல் போகலாம். ஐஎஸ்-பாவோ, ஆர்கஸ், வைவர்ன் போன்ற பாதுகாப்புத் தணிக்கைகளில் ஏதேனும் ஒன்றை முடித்த ஆபரேட்டர் என்றால் கூடுதல் நம்பிக்கை.

ஒன்றை மனதார வேண்டிக் கேட்கிறேன். வானிலை சரியில்லை, இறங்க முடியாது என்று கேப்டன் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். எல்லா ஊர் ஓடுபாதைக்கும் கருவி வழி இறங்கும் ஐஎல்எஸ் வசதி கிடையாது. “சார், முக்கியமான மீட்டிங்” என்று இரண்டாவது முறை கேட்பதுகூட அழுத்தம்தான். கூட்டத்தைத் தள்ளிப் போடலாம். பயணத்துக்கு முன்பே உங்கள் செயலாளரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்; பெரும்பாலும் அழுத்தம் கொடுப்பது உடன் வருபவர்கள்தான்.

கொட்டேஷனைப் படிக்கும் முறை

மணிக்கு இவ்வளவு என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. விமானம் எந்த ஊரில் நிற்கிறது என்பதுதான் தொகையை நிர்ணயிக்கிறது. நாட்டின் சார்ட்டர் ஜெட்களில் பெரும்பங்கு டெல்லியிலும் மும்பையிலும் நிற்கின்றன. கணக்குக்காக மணிக்கு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலேயே நிற்கும் விமானத்தில் மதுரை போய் வர 2 மணி நேரம், 4 லட்சம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 4.72 லட்சம். அதே விமானம் மும்பையிலிருந்து காலியாக வந்து காலியாகத் திரும்ப வேண்டுமென்றால் மேலும் 4 மணி நேரம்; மொத்தம் 12 லட்சம், ஜிஎஸ்டியோடு 14.16 லட்சம். ஆகவே மணிக்கு அரை லட்சம் கூடுதலாகக் கேட்டாலும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் நிற்கும் விமானமே மலிவு.

பறப்பு நேரம் சக்கரக் கட்டை எடுத்ததிலிருந்து மீண்டும் வைக்கும் வரை கணக்காகும். ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருந்த நேரமும் உங்கள் தலையில்தான். நாளொன்றுக்குக் குறைந்தபட்ச மணிக்கணக்கு, இறங்கும் கட்டணம், நிறுத்தக் கட்டணம், தரைச் சேவை, விமானிகள் தங்கும் செலவு, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பவையெல்லாம் கொட்டேஷனில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். “எல்லாம் உட்பட” என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் திருப்பி அனுப்பிப் பிரித்து வாங்குங்கள். தேர்தல் காலத்தில் விமானங்கள் மொத்தமாகக் கட்சிகளிடம் போய்விடும். அந்த மாதங்களுக்கு வெகு முன்பே பேசி வைப்பது நல்லது.

பயண நாளில் பெரிதாக எதுவும் இல்லை. அடையாள அட்டை வேண்டும், பாதுகாப்புச் சோதனை உண்டு, லைட் ஜெட்டில் பெட்டிகளின் எடையை முன்பே சொல்ல வேண்டும். கொழும்பு போன்ற வெளிநாட்டுப் பயணத்துக்குக் குடியேற்றம், சுங்கம், பறப்பு அனுமதி எல்லாம் சேர்வதால் முதல் நாள் இரவில் முடிவெடுத்துக் கிளம்ப முடியாது.

வாங்குவதா? முதலில் பிரிவைத் தீர்மானியுங்கள்

ஓராண்டுச் சார்ட்டர் கணக்கு கையில் இருக்கிறது; பறந்த மணிநேரம் போதுமான அளவு சேர்ந்திருக்கிறது; வாங்கலாம் என்று தோன்றுகிறது. சரி. மாடலைத் தேடுவதற்கு முன் ஒரு விமான வழக்கறிஞரையும் ஒரு ஆடிட்டரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். தனியார் பிரிவா, என்எஸ்ஓபி பிரிவா என்ற முடிவை ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டும்.

சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதமும் 3 சதவீத செஸ்ஸும். மற்ற விமானங்களுக்கு 5 சதவீதம். அடிப்படைச் சுங்கவரியை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலே, 30 கோடி விமானத்துக்கு ஒரு பக்கம் 12 கோடி, மறுபக்கம் ஒன்றரைக் கோடி. இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும், காகிதத்தில் என்எஸ்ஓபி என்று காட்டி உண்மையில் குடும்பத்துக்கு மட்டும் ஓட்டலாம் என்று யோசனை சொல்ல ஆள் வருவார். கேட்காதீர்கள். வாடகைச் சேவைக்கென்று வரிச் சலுகையில் கொண்டுவந்த விமானங்களை அதற்குப் பயன்படுத்தவில்லை என்று சுங்கத் துறை நோட்டீஸ் அனுப்பி, வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்த வரலாறு இந்தத் துறைக்கு உண்டு.

நேர்மையான வழிகள் இரண்டு. ஏற்கெனவே பெர்மிட் வைத்திருக்கும் ஆபரேட்டரிடம் உங்கள் விமானத்தை ஒப்படைத்து, நீங்களும் முறையாக வாடகை கொடுத்துப் பறந்து, மீதி நாட்களில் பிறருக்கு ஓடவிடுவது ஒன்று. புதிதாகப் பெர்மிட் எடுப்பது மற்றொன்று. அதற்கு இயக்குநர்களின் பாதுகாப்பு ஒப்புதல், பொறுப்பு அதிகாரிகள், கையேடுகள் என்று ஒரு சிறு விமான நிறுவனத்தையே கட்ட வேண்டும். ஒரே ஒரு விமானத்துக்காக அதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வருமான வரியில் விமானத்துக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டு. ஆனால் பயணிகளை ஏற்றும் சேவை போன்ற பயன்பாடுகள் தவிர மற்றதற்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு கிடைக்காது. குஜராத்தின் சர்வதேச நிதி மையமான கிஃப்ட் சிட்டி வழியாகக் குத்தகைக்கு எடுக்கும் வழியையும் ஆடிட்டரிடம் கேளுங்கள். பிசினஸ் ஜெட்கள் இப்போது அந்த வழியிலும் வருகின்றன.

மாடல்

இந்தியாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வகையை எடுங்கள். அந்த வகைக்குத் தகுதி பெற்ற விமானிகள், உரிமம் பெற்ற பொறியாளர்கள், உதிரி பாகங்கள் இங்கே இருக்க வேண்டும். விலை குறைவாகத் தெரியும் சில விமானங்களின் உற்பத்தியே நின்றுவிட்டது: ஹாக்கர் ஜெட் உற்பத்தி 2012 திவால் நடவடிக்கையோடு முடிந்தது, லியர்ஜெட்டின் கடைசி விமானம் 2022 மார்ச்சில் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுக்கு இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் பத்து ஆண்டு கழித்து நீங்கள் விற்கும்போது வாங்குபவர் என்ன நினைப்பார் என்று யோசிக்க வேண்டும். இறக்குமதியாகும் விமானத்துக்கு டிஜிசிஏ வயது வரம்பு வைத்திருக்கிறது. அது அவ்வப்போது மாறுகிறது. நடப்பு விதியைப் பார்க்காமல் எந்த விமானத்துக்கும் விலை பேசாதீர்கள்.

பதிவேடும் பரிசோதனையும்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். உட்புறத் தோல் இருக்கையும் பெயின்ட்டும் மாற்றக்கூடியவை. விமானத்தின் பறப்பு, பராமரிப்புப் பதிவேடான லாக்புக் தொலைந்தால் முழுமையாக மீண்டும் உருவாக்குவது மிகக் கடினம். அத்தகைய விமானத்தின் மதிப்பு பெரிதாக விழும். ஆயுள் வரம்புள்ள ஒவ்வொரு பாகத்துக்கும், அது தயாரான நாளிலிருந்து தொடர்ச்சியான ஆவணம் இருக்க வேண்டும். எஞ்சின் தட்டுகள், லேண்டிங் கியர் பாகங்கள் எல்லாம் இதில் அடங்கும். அந்த வகை விமானத்தில் குறை தெரியவந்தால் கட்டாயமாகச் சரிசெய்யச் சொல்லும் பறப்புத் தகுதி உத்தரவுகள் ஒவ்வொன்றும் எப்போது, யாரால் நிறைவேற்றப்பட்டன என்ற பட்டியலைக் கேளுங்கள். விபத்து, பறவை மோதல், இடிப் பழுது இருந்தால் பழுதுபார்த்த வரைபடங்களையும்.

எஞ்சின்தான் பெரும் பணம். ஹாக்கர் 800எக்ஸ்பியில் உள்ள டிஎஃப்இ731 எஞ்சினுக்கு 2,100 மணி நேரத்தில் ஒரு பெரிய ஆய்வும் 4,200 மணி நேரத்தில் அதைவிடப் பெரிய ஆய்வும் வரும். அந்த எல்லைக்கு நூறு மணி நேரம் முன்பாக நிற்கும் விமானம் விலையில் மலிவாகத்தான் தெரியும். பில் உங்களிடம் வரும். மணிக்கு இவ்வளவு என்று கட்டிவரும் எஞ்சின் பராமரிப்புத் திட்டத்தில் விமானம் சேர்ந்திருக்கிறதா, கட்டணம் பாக்கியில்லையா, வாங்குபவர் பெயருக்கு மாறுமா என்று திட்டம் நடத்துபவரிடமே எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

வரிசை இப்படிப் போகும். முதலில் விருப்பக் கடிதம், அதோடு எஸ்க்ரோவில், அதாவது இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாமவர் கணக்கில், திருப்பித் தரக்கூடிய முன்பணம். அடுத்து கொள்முதல் ஒப்பந்தம். பிறகு முன்கொள்முதல் ஆய்வு: அது அந்த விமானத்தை வழக்கமாகப் பராமரித்த கூடத்தில் நடக்கக் கூடாது. எஞ்சினுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் போரஸ்கோப், துருச் சோதனை, பறப்புச் சோதனை மூன்றையும் விடாதீர்கள். ஆய்வுச் செலவு வாங்குபவருடையது. பறப்புத் தகுதியைப் பாதிக்கும் குறைகளைச் சரிசெய்வது விற்பவர் பொறுப்பு. இதுதான் சந்தை வழக்கம்; இருந்தாலும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொழில்நுட்ப ரீதியாக ஏற்றுக்கொண்டதாக நீங்கள் கையெழுத்திடும் வரை முன்பணம் உங்களுடையது. அதற்குப் பிறகு அது திரும்பாது.

இந்திய விதிக்குத் தேவையான கருவிகளை இந்த ஆய்வின்போதே சரிபாருங்கள். இங்கே வந்தபிறகு கருவி பொருத்துவது நேரத்தையும் பணத்தையும் தின்னும். உங்கள் பராமரிப்பு மேலாண்மை நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் நேரில் இருக்க வேண்டும்.

உரிமை, பணம், பதிவு

நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று எடுப்பதுபோல இதற்கும் தேடல் உண்டு. விமானம் பதிவாகியிருக்கும் நாட்டின் பதிவேட்டிலும், விமானங்கள் மீதான கடன் உரிமைகளுக்கான கேப் டவுன் ஒப்பந்தத்தின்படி இயங்கும் சர்வதேசப் பதிவேட்டிலும், விமானச் சட்டகத்துக்கும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். எஞ்சின்மேல் தனிக் கடன் இருக்கலாம். இந்தியா 2008இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதற்கான தனிச் சட்டம் 2025இல்தான் வந்தது. கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால், தவணை தவறினால் விமானத்தின் பதிவை நீக்கி வெளியே எடுத்துச்செல்லும் அதிகாரப் பத்திரத்தில் வங்கி உங்களிடம் கையெழுத்து கேட்கும். அதன் பொருளை வழக்கறிஞரிடம் புரிந்துகொண்டு போடுங்கள்.

அமெரிக்கப் பதிவு விமானம் என்றால் எஸ்க்ரோ பெரும்பாலும் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும். அந்நாட்டுப் பதிவேடு அங்கேதான். வெளிநாட்டுக்கு முன்பணம் அனுப்ப, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிகள் பொருந்தும் என்பதால் விருப்பக் கடிதத்துக்கு முன்பே உங்கள் வங்கியிடம் பேசுங்கள். கடைசி நாளில் பணம் போகாமல் ஒப்பந்தம் முறிவது தவிர்க்கக்கூடியது.

இறக்குமதிக்கு டிஜிசிஏ ஒப்புதல் வேண்டும். விற்கும் நாட்டில் பதிவு நீக்கமும் ஏற்றுமதிப் பறப்புத் தகுதிச் சான்றும் வாங்க வேண்டும். இங்கே சுங்கம், பதிவுச் சான்று, பறப்புத் தகுதிச் சான்று, வானொலி உரிமம், காப்பீடு. 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்துக்கு 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் வந்துவிட்டது. பழைய ஒப்பந்த மாதிரிகளில் பழைய சட்டத்தின் பெயர் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

சென்னையில் வைத்திருப்பது

கடலோர ஊர். உப்புக்காற்று அலுமினியத்தைச் சும்மா விடாது. அடிக்கடி நன்னீர்க் கழுவல், எஞ்சின் கம்ப்ரஸர் கழுவல், துரு ஆய்வு எல்லாம் பராமரிப்பு அட்டவணையில் எழுத்தில் இருக்கட்டும். வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் விமானத்தின் கண்ணாடியும் மின்கருவிகளும் சீக்கிரம் கெடும். ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், இடம் உறுதியாகாமல் விமானத்தை இறக்காதீர்கள். ஓசூரில் தனியார் ஓடுபாதையும் பராமரிப்புக் கூடமும் இருப்பது நமக்கு ஒரு வசதி. பெரிய ஆய்வுகளுக்குச் சிங்கப்பூரின் செலிட்டார் விமான நிலையத்துக்குப் போக வேண்டி வரலாம்.

விமானிகளை, விமானம் வருவதற்கு முன்பே நியமியுங்கள். பழைய வேலையிலிருந்து விலக நீண்ட நோட்டீஸ் காலம் இருக்கும் தொழில் அது. வெளிநாட்டு சிமுலேட்டர் பயிற்சிக்கு இடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் விமானம் தரையில்தான். மூன்றாவது ஒருவருடன் ஏற்பாடு வேண்டும். விமான எண்ணெய் ஜிஎஸ்டிக்குள் வராது, மாநில வாட் விதிக்கப்படுகிறது; தமிழ்நாட்டில் அது உயர்ந்த விகிதங்களில் ஒன்று. பக்கத்து மாநிலத்தில் இறங்கும்போது எண்ணெய் நிரப்பினால் மிச்சமா என்பதை விமானிகள் ஒவ்வொரு பயணத்திலும் கணக்குப் போட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையைத் தனியாகத் திட்டமிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் நாட்கணக்கில் மூடப்பட்டது. 2016இல் வர்தா, 2023இல் மிக்ஜாம், 2024இல் ஃபெஞ்சல் புயல்களின்போதும் மூடினார்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் விமானத்தை எந்த ஊருக்கு நகர்த்துவது, அங்கே நிறுத்த இடம் பேசி வைத்திருக்கிறதா, அந்த முடிவை யார் எடுப்பது, இரவில் அழைத்தால் எந்த இரு விமானிகள் வருவார்கள் என்பதை அக்டோபர் பிறப்பதற்குள் ஒரு பக்கத்தில் எழுதி ஆபரேட்டர், பொறியாளர், காப்பீட்டு முகவர் மூவரிடமும் கொடுத்துவிடுங்கள். நகர்த்தும் பறப்புக்கும் காப்பீடு பொருந்துகிறதா என்று அந்த முகவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.